உள்ளான்கள் இறங்கிய வயல்

லோரி ஓட்டுவதை விட்டுவிட்டு நெல் வயலில் கால் வைத்த பத்துமலைக்கு உலகத்தில் ஒரே எதிரிதான். சைபீரியாவிலிருந்து பறந்து வரும் உள்ளான் குருவி.

பாகான் செராய் ஊருக்கு அப்பால், கிரியான் ஆறு பரந்து விரிந்து சேறாகிக் கிடக்கும் இடத்தில் அவன் மனைவி மங்களத்தின் குடும்ப வயல் இருந்தது. ஒவ்வொரு செப்டம்பரிலும், விதைக்க நீர் வடித்த சேற்றில் நூற்றுக்கணக்கில் உள்ளான்கள் வந்திறங்கும். சுங்கை சிப்புட் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனுக்குச் சேற்றைக் குத்தும் அலகெல்லாம் விதை தின்னும் அலகுதான். போன வருடம் பாதி வயல் முளைக்கவில்லை. இந்த முறையும் பொய்த்தால் மறுபடி ஜொகூருக்கு லோரி ஓட்ட வேண்டும்; வாரத்தில் ஒரு நாள்தான் வீடு.

விதைத்த மறுநாளே பால் டின்னும் குச்சியுமாக இறங்கிவிட்டான். முட்டி உயர பூட்ஸ், வாய் நிறைய வசவு. இந்தக் கோடிக்கு ஓடினால் பறவைகள் அந்தக் கோடியில் இறங்கின. அங்கே ஓடினால் இங்கே.

“ஏங்க, அது நெல்லு திங்காதுலா. புழு பூச்சிதான் திங்கும். எங்கப்பா ஒரு நாளும் வெரட்டினதில்ல,” என்றாள் மங்களம் வரப்பிலிருந்து.

“ஒங்கப்பாவுக்கு வெளஞ்சுச்சு, விட்டாரு. எனக்கு வெளைய வேணாமா?”

இரண்டு நாள் ஓடினான். மூன்றாம் நாள் காலை வரப்பிலிருந்து இறங்கும்போதே கால் பிசகி வீங்கிவிட்டது. வீட்டில் படுக்கவும் மனம் கேட்கவில்லை. வரப்பில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து எதிரியை முறைத்தான்.

முறைக்க முறைக்கத்தான் கண் தெரிந்தது. ஓர் உள்ளான் முளைகட்டிய நெல்லைத் தாண்டித் தாண்டி நடந்து வந்தது. நின்றது. அலகை முழுசாகச் சேற்றுக்குள் இறக்கி ஒரு புழுவை உருவியது. பக்கத்தில் கிடந்த நெல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை. அத்தனை தூரம் பறந்த களைப்பில் அதன் நெஞ்செலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பாவமாக இருந்தது அவனுக்கு. டின்னைத் தட்டக் கை வரவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் அவை நிம்மதியாக மேய்ந்தன.

பத்தாம் நாள் வயல் பச்சை கட்டியது. நொண்டிக்கொண்டே போய்ப் பார்த்தான். உள்ளான்கள் மேய்ந்த இடமெல்லாம் சீராக முளைத்திருந்தது. நடுவில் மட்டும் குறுக்கும் நெடுக்குமாக வழுக்கைக் கோடுகள். ஆழமான குழிகளில் நீர் தேங்கி விதை அழுகிக் கிடந்தது.

ஒவ்வொரு குழியும் அவன் பூட்ஸ் அளவு.

“இந்த வருஷம் ரெண்டு நாளுதான் வெரட்டினீங்க,” என்றாள் மங்களம். “போன வருஷம்?”

வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

“பன்னெண்டு,” என்றான் பத்துமலை.