ஒரு கண்ணுக்கு இரண்டு பூ

வேலிப் படலை இழுத்துச் சாத்தி, அதன்மேல் ஒரு கருவேல முள்ளையும் வைத்துவிட்டு, தணிகாசலம் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அந்தப் பங்குனியில் கருவடிக்குப்பம் முழுக்கக் கண்நோய். மெட்ராசில் ஆரம்பித்தது என்றார்கள், கப்பலில் வந்தது என்றார்கள், உலகம் பூராவும் இருக்கிறதாம் என்றார்கள். அவர் எதையும் நம்பவில்லை. ஒன்றை மட்டும் நம்பினார். சிவந்த கண்ணை நேருக்கு நேர் பார்த்தால் வந்துவிடும். தெருவே அதைத்தான் நம்பியது. கூலிங் கிளாஸ் போடாதவன் எதிரே வந்தால் எல்லாரும் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார்கள்.

மற்றவர்களுக்குக் கண் சிவந்தால் சில நாள் வேலை போகும், அவ்வளவுதான். தணிகாசலத்துக்கு இருப்பதே ஒரு கண். இடது கண் மில்லில் போனது. தறியிலிருந்து நூல் ஓட்டும் நாடாக்கட்டை தெறித்து வந்து அடித்தது. கண் பிழைத்துவிடும் என்று டாக்டர் சொன்னார், மேஸ்திரி சொன்னார், யூனியன்காரனும் சொன்னான். எல்லாரும் நன்றாகத்தான் பேசினார்கள். கண் போய்விட்டது. அதிலிருந்து யார் நல்ல வார்த்தை சொன்னாலும் இவன் எதற்கு அடி போடுகிறான் என்றுதான் அவருக்குத் தோன்றும். பெண்டாட்டி செத்த பிறகு ஒற்றை ஆள். மிச்சமிருந்த கண்ணை வைத்து அரிசியில் கல் பொறுக்கி, சோறு வடித்து, யார் தயவும் இல்லாமல் காலத்தைத் தள்ளினார். இதுவும் போனால் கொல்லைக்குப் போகக்கூட இன்னொருத்தர் கையைப் பிடிக்க வேண்டும். அதற்குச் செத்துப்போகலாம் என்று நினைத்தார். பருப்பு தீர்ந்துவிட்டது என்று நினைப்பது மாதிரி, சாதாரணமாகத்தான் நினைத்தார்.

தெருவைப் பார்க்காமல் உட்கார்ந்தால் எதிரே இருப்பது நந்தியாவட்டைச் செடி. பெண்டாட்டி வைத்தது. கழுநீர் குடித்தே ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. கண்ணில் எரிச்சல் என்றால் அந்தப் பூவைத் தண்ணீரில் ஊறப்போட்டு, மூடிய இமைமேல் வைப்பது ஊர் வழக்கம். அதனால் செடிக்கு இப்போது மவுசு வந்துவிட்டது.

"மாமா, நாலு பூவு குடு மாமா. எங்கூட்டுக்காரரு கண்ணத் தொறக்க முடியாம கெடக்குறாரு."

அடுத்த வீட்டு அஞ்சலாட்சியின் குரல். பெரிய மார்க்கெட்டில் கீரை விற்பவள். புருஷன் பக்கிரி ரிக்‌ஷா ஓட்டுகிறவன்.

"எட்ட நில்லு. மூஞ்சியத் திருப்பிகினு பேசு" என்றார், திரும்பாமல்.

"எனக்கு இன்னும் வரல. வேணும்னா பாரு, வெள்ளையாத்தான் இருக்குது."

"பாக்கச் சொல்றியா? ஆசதான் ஒனக்கு."

"இருக்கிறது ஒத்தக் கண்ணு. அதுக்கு ஒரு செடி பூவு! நல்லா அடுக்கி வெச்சிக்க."

போய்விட்டாள். பூவைக் கொடுத்தால் அதை வாங்க அவள் வீட்டுப் பாத்திரம் வரும், பாத்திரத்தோடு நோய் வரும் என்று அவர் கணக்கு.

மறுநாள் விடிந்ததும் பார்த்தால் செடியில் ஒரு பக்கத்து மொட்டுகளைக் காணோம். இலைகளும் போயிருந்தன. தெருவுக்கு முதுகைக் காட்டியபடியே கத்தினார். "வேலி தாண்டி வந்து மொட்டோட உருவிகினு போயிருக்கிறாளே, இவ கையில கொள்ளி வெக்க!" வேலிக்கு அந்தப்புறமிருந்து பதில் வந்தது. "ஒம் முள்ளத் தாண்டி வர நான் இன்னா கொரங்கா? வாயி புழுத்துப் பூடும், பாத்துக்க!" தெருவே கேட்டது. சாக்கடைக்குப் பொடி தூவ முனிசிபாலிட்டியிலிருந்து வந்திருந்த மேரிக்காரன் கூடைமேல் கையை வைத்தபடி நின்று கேட்டுவிட்டுப் போனான்.

வெயில் ஏறிய பிறகுதான் திருடனைக் கண்டார். முதலில் தண்டு என்று நினைத்தார். தண்டு அசைந்தது. விரல் தடிமனில் ஒரு பச்சைப் புழு. வாலில் சின்னக் கொம்பு. நிழல் பட்டதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டது. கழுத்து புடைத்து, அதில் நீலமாய் இரண்டு கண்கள் பிதுங்கி அவரை முறைத்தன. நிஜக் கண் இல்லை, தோலில் போட்ட பொட்டு. ஆனாலும் அவருக்குத் திக்கென்றது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, புழுவுக்குப் பயந்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டு செருப்பைக் கழற்றினார். ஓங்கிய கை அப்படியே நின்றது. செத்த புழுவை எங்கே போட்டாலும் அவள் கண்ணில் படும். பட்டால் காலையில் கத்தியது பொய் என்று ஆகிவிடும். செருப்பை மாட்டிக்கொண்டார்.

புழு அப்படித்தான் பிழைத்தது. பார்க்க வேறெதுவும் இல்லாததால் அதைப் பார்த்தார். இலையை அது ஓரத்திலிருந்து வளைத்து வளைத்துத் தின்றது, தறியில் நூல் ஓடுகிற மாதிரி விடாமல். தின்ற காம்பில் பால் சொட்டியது. தின்று முடித்த கிளையில் மறுபடி பிசின் பூசியது போலப் பளபளவென்று துளிர் விட்டது. பக்கிரி வீட்டு வேம்பு பூத்து, அதன் தூள் இவர் தோள்மேல் உதிர்ந்தது. ஒரு தேன்சிட்டு வந்து தலைகீழாகத் தொங்கிவிட்டுப் போனது. இதெல்லாம் பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. பார்த்தார். ஆனால் விடிந்ததும் சோற்றுப்பானையைத் தேடுவதற்கு முன்னால் புழுவைத் தேடினார்.

ஒரு காலையில் தேட முடியவில்லை. கண் திறக்கவில்லை. இமையை ஏதோ தைத்துவிட்ட மாதிரி ஒட்டியிருந்தது. உள்ளே மணல் போட்டு அரைத்தது. யாரையும் பார்க்கவில்லையே, எப்படி வந்தது என்று படுக்கையிலேயே யோசித்தார். தெருக்குழாயின் கைப்பிடியை அழுத்திய ஈரக்கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டது அவருக்கு நினைவில் இல்லை. சுவரைத் தடவி வெளியே வந்தார். செடியைத் தடவினார். பூ எது, இலை எது என்று விரலுக்குத் தெரியவில்லை. கிடைத்ததையெல்லாம் பறித்தார். விரலெல்லாம் பிசுபிசுத்தது. எரிச்சல் தாங்காமல் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோனார்.

"மாமா! கைய எடு! செடிப் பாலு மாமா, கையெல்லாம் பாலு! கண்ணுல பட்டா அவ்வளவுதான்!"

கை அந்தரத்தில் நின்றது. படல் இழுபடும் சத்தம் கேட்டது.

"முள்ளு இருக்குது, பாத்து வா" என்றார். அவருக்குத் தெரிந்த உபசாரம் அவ்வளவுதான்.

"நீ வெச்ச முள்ளுதான, தெரியுது."

அஞ்சலாட்சி அவர் கையைப் பிடித்து இழுத்து, சொம்புத் தண்ணீரை ஊற்றித் தேய்த்துக் கழுவினாள். அவருடைய கை கொஞ்சம் முரண்டியது, பிறகு விட்டுவிட்டது. வேம்பின் நிழல் வேலி தாண்டி விழுந்த இடத்தில் கிடந்த அவருடைய கயிற்றுக்கட்டிலில் படுக்கவைத்தாள். பூப் பறிக்கும் சத்தம், தண்ணீரில் அலசும் சத்தம்.

"பக்கிரிக்குக் கண்ணு தொறந்துச்சா?"

"வண்டி எடுத்துகினு பூட்டாரு. ஒம் பூவு இல்லன்னா கண்ணு அவிஞ்சா பூடும்?"

தணிகாசலம் கேட்டார். "ஒத்தக் கண்ணு இருக்கிறவனுக்கும் தொறக்குமா?"

அவள் பூவை இன்னொரு முறை அலசினாள். "அது எனக்கு இன்னா தெரியும்? கீரக்காரிகிட்ட கேக்குற" என்றாள்.

தணிகாசலம் மூச்சை விட்டார். தொறக்கும் மாமா, ஒண்ணும் ஆவாது என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பார். இப்போது தலையைச் சாய்த்துக் கொடுத்தார். வலது இமைமேல் குளிர்ச்சியாக ஒரு பூ உட்கார்ந்தது. அடுத்து இடதிலும்.

"அந்தக் கண்ணுக்கு எதுக்குடி?"

"ஒரு பக்கம் வெச்சா பாக்க நல்லாவா இருக்குது? கெடக்கட்டும்."

இன்னும் நாலு பறித்துவருவதாகச் சொல்லிச் செடியடிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள்.

"ஏயப்பா! இன்னா மாமா இது, இம்மாம் பெரிய புழு! தண்டு வழியா எறங்குது. பச்சையும் இல்ல, செவப்பும் இல்ல, மாநெறமா மாறிப் போயிருக்குது. மண்ணுக்குள்ள பூரப் பாக்குது." சற்று நிறுத்தினாள். "அன்னிக்கு மொட்டத் தின்ன திருடி இவதானா?"

வேப்பம்பூ ஒன்று அவர் உதட்டில் விழுந்தது. துப்பவில்லை.

"மெதிச்சிடாத" என்றார்.

இரண்டு பூவிலிருந்தும் தண்ணீர் வழிந்து, ஒன்று போல, இரண்டு காதுகளுக்கும் இறங்கியது.