தீவில் மட்டும் செல்லும்

அந்தத் தபால் முத்திரை செல்லாது என்று புஷ்பராணிக்குத் தெரியாமல் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிறகு, ஐயோ பாவம், தெரியாமல் ஒட்டிவிட்டாள் என்று யாரும் அவளுக்காக உச்சுக்கொட்டக் கூடாது.

ஹொல்ஸ்டெப்ரோ என்ற டெனிஷ் ஊரில் அவள் வேலை செய்த பொதிகட்டும் இடத்துக்கு அந்த மே மாதக் கடைசியில் கிறீன்லாந்து முத்திரைகள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. ஜூனில் அந்தத் தீவுக்குத் தன்னாட்சி. அதைக் கொண்டாட அடித்த முத்திரைகள். ஒன்றில் சிவப்பு வெள்ளைக் கொடி, ஒன்றில் திமிங்கிலம், ஒன்றில் பனிக்குள் நிற்கிற சடைமாடு, ஒன்றில் பாறை இடுக்கில் பூத்த ஊதாப்பூ. முத்திரை சேர்க்கிறவர்களுக்கு அனுப்ப, அவற்றை மட்டையில் செருகி உறையிலிட வேண்டும். "இவை அந்தத் தீவில் மட்டும்தான் செல்லும். இங்கே ஒட்டினால் கடிதம் உங்கள் வீட்டுக்கே திரும்பி வரும்" என்று மேற்பார்வைக்காரி முதல்நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டாள். சொல்லி, ஆளுக்கொரு தொகுதி அன்பளிப்பாகவும் கொடுத்தாள்.

புஷ்பராணிக்கு எதிர்மேசையில் இருந்தவள் அந்தத் தீவிலேயே பிறந்தவள். பெயர் இவாலு. புஷ்பராணியின் காதில் அது எப்போதும் 'இவள்' என்றுதான் விழும். கொடி முத்திரையைக் கையில் எடுத்ததும் இவாலுவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என் அப்பா முப்பது வருஷம் பொறுத்திருந்தார்" என்றாள் டெனிஷில். "பொறுத்ததற்குக் கிடைத்தது."

புஷ்பராணிக்கு வயிறு பற்றி எரிந்தது. ஒரு குண்டு விழவில்லை, ஒரு பிள்ளை சாகவில்லை, மேசையில் இருந்து கதைத்தே வாங்கிவிட்டார்களே! நல்ல பெண்ணைப் பார்த்து இப்படி எரிகிறோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது. வெட்கத்தோடே "தில்லுக்க" என்று டெனிஷில் வாழ்த்தினாள்.

இவாலு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்கள் தீவில் போர் முடிந்துவிட்டதாமே. செய்தியில் பார்த்தேன். உனக்கும் தில்லுக்க!"

"நன்றி" என்றாள் புஷ்பராணி. அந்த நன்றி அன்று முழுக்கத் தொண்டையில் மீன்முள்ளாய்க் குத்திக்கொண்டே நின்றது.

பொறுத்தது என்ற சொல்தான் அவளைப் போட்டு வாட்டியது. பெப்ரவரியில், சண்டை நடந்துகொண்டிருந்த வன்னியிலிருந்து தங்கச்சி கமலாதேவி எடுத்திருந்தாள், யாரோ ஒருவருடைய சற்றலைட் போனில். "அக்கா, பக்கத்துச் சனமெல்லாம் அங்காலை ஆமிப் பக்கம் கடந்து போகுது. இவரும் போவம் எண்டுறார். நாங்களும் போகட்டே?" என்று கேட்டாள்.

புஷ்பராணிக்கு அப்போது கால் நிலத்தில் நிற்கவில்லை. கோப்பன்ஹேகன் குளிரில் போரை நிறுத்தச் சொல்லும் பதாகையோடு நின்ற அவளுடைய படம் டெனிஷ் பேப்பரில் வந்திருந்தது. உலகமே திரும்பிப் பார்க்கிறது, இன்றைக்கோ நாளைக்கோ சண்டையை நிறுத்திவிடுவார்கள் என்று மெய்யாகவே நம்பினாள். "விசரே உங்களுக்கு? இவ்வளவு காலம் நிண்டிட்டு இப்ப போறதே? பொறு பிள்ளை. பொறுத்தார் பூமி ஆள்வார் எண்டு தெரியாதே?" என்று அதட்டினாள். சூடான வீட்டுக்குள், தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அதட்டினாள்.

"சரி அக்கா, பொறுக்கிறம்" என்றாள் கமலாதேவி. பக்கத்து அறையில் நின்று சொன்னதுபோல அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

அவர்கள் பொறுத்தார்கள். போர் முடிகிற கிழமையில், கடலேரிக் கரையில் விழுந்த ஷெல்லில் கமலாதேவியின் புருஷன் தவராஜா செத்துப்போனார். மூடி மண் போடக்கூட நேரமில்லையாம். கமலாதேவி மகளோடு வவுனியா முகாமில் கூடாரத்தில் இருக்கிறாள் என்று, அங்கிருந்து வெளியே வந்த ஒருவர் சொல்லி விலாசமும் தந்தார்.

புஷ்பராணி கடிதம் எழுதினாள். சுற்றி வளைக்காமல் எழுதினாள். 'நான்தான் உன்னைப் பொறு என்றேன். நீ கேட்டாய். தவராஜாவை நான்தான் கொன்றேன். என்னைப் பொறுத்துக்கொள்.' கடைசிச் சொல்லை எழுதியபோது கை நின்றுவிட்டது. அன்றைக்கும் அவளைத்தான் பொறு என்றோம், இன்றைக்கும் அவளைத்தான் பொறு என்கிறோம்! என்ன பிறவி நான் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

மேசை லாச்சியில் டெனிஷ் முத்திரையும் கிடந்தது, கிறீன்லாந்து முத்திரையும் கிடந்தது. அவள் திமிங்கிலத்தை எடுத்து ஒட்டினாள். ஒன்று காணாது என்பதுபோல இரண்டு ஒட்டினாள். உறையின் பின்பக்கத்தில் தன் வீட்டு விலாசத்தை அச்செழுத்தாக வடிவாக எழுதினாள். கொண்டுபோய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து, நான் எழுதிவிட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். கள்ள மனதுக்கு எத்தனை கெட்டித்தனம் பாருங்கள்!

கடிதம் திரும்பி வந்தது. தபால்பெட்டியிலிருந்து எடுத்து வந்த புருஷன் சபாரத்தினம் சிரித்தார். "நாள் முழுக்க அந்த முத்திரையோடை மாரடிக்கிறீர். உமக்கே தெரியாதே, இஞ்சை இது செல்லாதெண்டு?"

"ஏதோ யோசினையிலை ஒட்டிப்போட்டனப்பா."

அவர் சந்தேகப்படவில்லை. பேருந்து ஓட்டுகிற மனுஷன், அடுத்தநாள் வேலை முடிந்து வரும்போது நல்ல டெனிஷ் முத்திரை வாங்கி வந்து மேசையில் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை தொலைக்காட்சியில் கிறீன்லாந்து விழா போனது. கிழவர்கள், குழந்தைகள், எல்லார் கையிலும் அந்தக் கொடி. அந்தக் கூட்டத்துக்குள் இவாலுவின் அப்பாவும் நிற்பார் என்று புஷ்பராணி நினைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"அக்கா, நான்தான். முகாமிலை களவாத்தான் எடுக்கிறன். கனநேரம் கதைக்கேலாது."

"பிள்ளை!" புஷ்பராணி எழும்பி நின்றாள். "பிள்ளை, அண்டைக்கு நீ கேக்க, நான் உன்னைப் பொறு எண்டு..."

மறுபக்கத்தில் எங்கோ ஒரு குழந்தை அழுதது. தண்ணீர் வாளி ஒன்று தடாலென்று விழுந்த சத்தம்.

"எண்டைக்கு அக்கா?"

"மாசியிலை. கடக்கட்டே எண்டு கேட்டனியெல்லே."

"ஓ, அதோ? அண்டைக்கு லைன் விட்டுவிட்டெல்லே வந்தது. நீங்கள் சொன்னது எனக்கு ஒண்டுமே கேக்கேல்லை. நாங்களாத்தான் நிண்டனாங்கள். நீங்கள் அதை மனதிலை வச்சிருக்காதேங்கோ."

சரி அக்கா, பொறுக்கிறம். இந்த நாலு மாதத்தில் அந்தக் குரல் காதில் விழாத நாள் உண்டா? இல்லை பிள்ளை, உனக்குக் கேட்டது, நீ பதிலும் சொன்னாய் என்று புஷ்பராணி சொல்லியிருக்கலாம். சொல்ல வாயும் திறந்தாள்.

"ஓம் பிள்ளை" என்றாள். "லைன் சரியில்லைத்தான்."

கமலாதேவி போனை வைத்துவிட்டாள். சபாரத்தினம் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டிவிட்டு, மேசையில் கிடந்த கடிதத்தை எடுத்தார். "இந்தாரும், இந்த முத்திரை கட்டாயம் போகும். ஒட்டட்டே?"

"வேண்டாமப்பா" என்றாள் புஷ்பராணி. "எல்லாம் கதைச்சாச்சு."