அம்மாவின் கணக்கில் பதினொரு பேர்

"அழித்துவிடவா?" என்று போன் கேட்டது. 'ஓம்' என்ற இடத்துக்கு மேலே பெருவிரலைப் பிடித்தபடி ஜெறோம் கிணற்றடியில் நின்றான். முன்பக்கம் பந்தலுக்குள் செபமாலையின் நாலாம் பத்து முடிந்து ஐந்தாம் பத்து தொடங்கியிருந்தது. யோசப்பின் என்ற அவனுடைய தாய் சவப்பெட்டிக்குள் வெள்ளைச் சீலையோடு கிடந்தாள். போன் அவளுடையது. அவன் அழிக்கப் போனது அடைக்கலநாதனை.

அடைக்கலநாதன் செத்து மூன்று வருடம். மனுசன் இன்னொரு தரம் சாக வேண்டி வந்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

ஜெறோமுக்குத் தொழில் வீடியோ. கலியாணம், முதல் நன்மை, பிறந்தநாள் எல்லாம் எடுப்பான்தான். ஆனால் குருநகரில் அவனை அதிகம் கூப்பிடுவது செத்தவீட்டுக்கு. ஊரின் பாதிச் சனம் ரொறன்ரோவிலும் பாரிசிலும் கிடக்கிறது. வரமுடியாதவர்கள் பார்க்க வேண்டாமா? யூடியூப்பில் போடுவோம் என்றால் ஒருவரும் சம்மதிப்பதில்லை. "எங்கடை அப்பான்ரை முகத்தைக் கண்ட கண்ட ஆக்களெல்லாம் விரலாலை தள்ளிக்கொண்டு போறதோ?" என்று கேட்பார்கள். அதுவும் சரிதானே. அதனால் அவன் ஒவ்வொரு சாவுக்கும் இணையத்தில் ஒரு ஃபோல்டர் திறப்பான். செத்தவரின் பெயரையே அதற்கு வைத்து, உறவுக்காரருக்கு மட்டும் பகிர்ந்துவிடுவான். "எப்பவும் கிடக்கும், யோசியாதேங்கோ" என்று வாக்கும் கொடுப்பான்.

வாக்குக் கொடுக்க வாய் போதும், வீடியோவுக்கு இடமல்லவா வேண்டும். இலவசக் கணக்கில் கிடைப்பது பதினைந்து ஜிபி. அவனுடையது ஒரே வருடத்தில் நிரம்பிவிட்டது. பிறகுதான் அம்மாவின் பெயரில் ஒரு கணக்கைத் திறந்தான்.

"அம்மா, உங்கடை கணக்கிலை இடம் சும்மா கிடக்குது. ஆக்களை அதிலை போடட்டோ?"

"என்ன ஆக்கள்?"

"செத்த ஆக்கள்."

யோசப்பின் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவாமலே கொஞ்சம் யோசித்தாள். "போடு. ஆனா ஆர் எவர் எண்டு எனக்குச் சொல்லிப்போட்டுப் போடு."

அன்றிலிருந்து பின்னேரச் செபமாலை முடிந்ததும் அவள் போனைத் திறந்து, பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளி, ஆளுக்கொரு 'அருள் நிறைந்த மரியே' சொன்னாள். "என்ரை கணக்கிலை கிடக்கிற ஆத்துமாக்கள். நான் செபிக்காட்டி வேறை ஆர் செபிக்கிறது?" என்பாள். ஜெறோம் அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறான். பதினொரு பேர் ஏறியதும் கணக்கு நிரம்பிவிட்டது. இடமில்லை என்று போன் நாளுக்கு இரண்டு தரம் முறைப்பாடு சொல்லத் தொடங்கியது. "அது கத்தினாக் கத்தட்டும்" என்றாள் யோசப்பின்.

பகிர்ந்த ஃபோல்டரில் ஒரு விசயம் இருக்கிறது. நூறு பேர் திறந்து பார்த்தாலும் அதன் பாரம் முழுவதும் சொந்தக்காரரின் கணக்கில்தான். பார்க்கிறவர்களுடைய இடத்தில் ஒரு துளியும் குறையாது. குறையாததால் ஒருவருக்கும் அது தெரிவதில்லை. தங்கள் ஆள் தங்கள் போனுக்குள்தான் இருக்கிறார் என்று ரொறன்ரோவில் இருப்பவரும் நம்பினார், அடுத்த வீட்டில் இருப்பவரும் நம்பினார்.

இன்றைக்கு அந்தக் கணக்கில் இடம் தேவைப்பட்டது அம்மாவுக்கு.

தங்கை ஜெசிதா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்கிறாள். ஒப்பந்தம் முடிய இன்னும் பதினான்கு மாதம். அந்த வீட்டு எசமானியை 'மடம்' என்றுதான் கூப்பிட வேண்டும்; கெட்ட மனுசி இல்லை. ஆனால் இரவு ஒன்பது மணிக்குப் பிறகு ஒரு மணித்தியாலம்தான் போன் கைக்கு வரும். அதிலும் வட்ஸ்அப் கூடாது, யாரோடும் கதைக்கக் கூடாது, படம் பார்க்கலாம் என்பது வீட்டுச் சட்டம். ஆகவே தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருந்தது அம்மாவின் கணக்கில் திறந்த ஒரேயொரு ஃபோல்டர். அதற்கு 'வீடு' என்று பெயர். ஜெசிதா இரவுதோறும் முதல்நாள் படத்தை அழித்துவிட்டு, தன்னுடைய சாப்பாட்டுத் தட்டைப் படமெடுத்து அதில் போடுவாள். யோசப்பின் விடிய எழும்பியதும் முதலில் பார்ப்பது அதைத்தான். "சோறும் கோழியும். காணும். மெலியமாட்டாள்" என்று சொல்லிவிட்டுத்தான் தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டுவாள்.

முந்தநாள் ஆஸ்பத்திரியில் அம்மாவின் மூச்சு நின்றபோது ஜெறோம் மடத்தின் நம்பருக்கு எடுத்தான். மடம் உடனே போனை ஜெசிதாவிடம் கொடுத்தாள். ஜெசிதா கேட்டது ஒன்றே ஒன்று.

"அண்ணை, நீயே எடு. மூடுறதுக்கு முதல் அம்மாவின்ரை முகத்தைக் கிட்டவா எடு. அடக்கம் பண்ணுற அண்டைக்கே போட்டிடு."

"போடுறன்."

"அண்டைக்கே போடோணும் அண்ணை. நீங்களெல்லாரும் அழுற நாளிலை நானும் அழோணும். ஒரு கிழமை கழிச்சுத் தனிய இருந்து அழ என்னாலை ஏலாது."

அந்த வாக்கைத்தான் அவன் இன்று காப்பாற்ற வேண்டும். காலையில் சும்மா ஒரு சின்னத் துண்டை ஏற்றிப் பார்த்தான். இடம் போதாது என்றது. அவனுடைய கணக்கும், கையிலிருந்த போன்களும் நிரம்பியிருந்தன. அவனுடைய வீடியோக் கடையிலிருந்த ஹார்ட் டிஸ்க்கைப் போன மாரி வெள்ளம் கொண்டுபோய்விட்டது. காசு கட்டிக் கூடிய இடம் வாங்கலாம். அதற்கு வெளிநாட்டுக்குக் கட்டுகிற வங்கிக் காட் வேண்டும், அவனிடம் இருந்தது மெசினில் காசெடுக்கிற காட். புதுக் கணக்குத் திறந்து பிரயோசனமில்லை, மடம் ஜெசிதாவுக்குத் திறக்க விடுகிற கதவு 'வீடு' ஒன்றுதான். யாராவது ஒருவர் அம்மாவின் கணக்கை விட்டு வெளியே போக வேண்டும்.

யாரை அனுப்புவது? பதினொரு பெயரையும் மேலே கீழே தள்ளிப் பார்த்தான். பிலேந்திரனை அவருடைய தங்கச்சி பாரிசிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பார்க்கிறாள். கொலின்ஸின் தகப்பனைப் பார்க்க ஏழு பிள்ளைகள். றொசாந்தினியின் குழந்தைக்கு வயது இருபத்தாறு நாள். அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகவும் மனம் வரவில்லை. மிஞ்சியது அடைக்கலநாதன். எங்கேயோ மன்னார்ப் பக்கமிருந்து வந்து, இறங்குதுறையடியில் ஒரு அறையில் தனியே இருந்து, தனியே செத்த மனுசன். "சொந்தமில்லையெண்டாப்போலை படமும் இல்லையோ, போய் எடு" என்று அம்மா துரத்தியதால்தான் அவனையும் எடுத்தான். அந்த ஃபோல்டர் யாருக்கும் பகிரப்படவில்லை. பகிர ஆளில்லை. உலகத்திலேயே அதைத் திறந்து பார்த்த ஒரே ஆள் யோசப்பின். அவளும் இப்போது பெட்டிக்குள்.

ஒருவருக்கும் தெரியப் போவதில்லை. அப்படியிருந்தும் விரல் இறங்க மாட்டேன் என்றது.

"என்ன தம்பி, அங்கை செபம் நடக்குது, நீ இஞ்சை போனை நோண்டிக்கொண்டு நிக்கிறாய்?"

மக்டலீன் அன்ரி. பக்கத்து வீடு. பிலேந்திரனின் மனைவி. செத்தவீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பதால் விடியற்காலையிலிருந்து பேக்கரிப் பாணும், பால் விடாத பிளேன்ரீயும் அவளுடைய வீட்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன. கையில் காலியான தேத்தண்ணி வாளியோடு நின்றாள்.

ஜெறோம் சொல்லக்கூடாதென்றுதான் நினைத்தான். இரண்டு நாளாக நித்திரையில்லாத வாய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டது. கேட்டு முடிய அன்ரி வாளியைக் கிணற்றுக் கட்டில் வைத்தாள்.

"அப்ப, எங்கடை அவர் என்ரை போனுக்கை இல்லையோ?"

"பாக்கிறதுதான் உங்கடை போனிலை. ஆள் கிடக்கிறது அம்மான்ரை கணக்கிலை."

"நாலு வருசமாவோ?"

"ஓம் அன்ரி."

அன்ரி சீலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள். "உன்ரை மனுசனுக்கு நாளாந்தம் ஒரு அருள் நிறைஞ்ச மரியே சொல்லுறன் எண்டு கொம்மா சொல்லுவா. நான் சினேகிதத்துக்குச் சொல்லுறா எண்டு நினைச்சன். தன்ரை இடத்தைக் குடுத்து வைச்சிருந்தவ எண்டு ஒரு நாளும் வாய் திறக்கேல்லை, பாத்தியோ."

"அவவுக்கு அது பெரிய விசயமாத் தெரியேல்லை அன்ரி."

"எனக்குத் தெரியுதே." இடுப்பிலிருந்து போனை எடுத்து நீட்டினாள். "இந்தா. அவரை இதுக்கை இறக்கு. இறக்கிப்போட்டு அங்கையிருந்து எடு. பாரிஸ்காரிக்கு இனி நான் காட்டுறன், எப்பிடியெண்டு சொல்லித்தா. அந்த மனுசன் உசிரோடை இருந்தாலும் இதைத்தான் செய்வார். பஸ்சிலை ஒரு பொம்பிளையை நிக்க விட்டதில்லை அவர்."

ஜெறோமுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு சேர்ந்து, முந்தநாளிலிருந்து வராமல் நின்ற அழுகையும் வந்தது. முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு போனில் 'இல்லை' என்பதைத் தொட்டு அடைக்கலநாதனை அழிக்காமல் விட்டான்.

பிலேந்திரன் ஒருவர் எழும்பினால் போதுமாக இருந்தது. ஆனால் மக்டலீன் அன்ரியிடம் ஒரு கதையைச் சொன்னால் அது வாளியோடு பந்தலுக்குப் போகும் என்பதை அவன் மறந்துவிட்டான். செபமாலை முடிந்து கால் மணித்தியாலம் ஆகவில்லை, கிணற்றடியில் சனம். ஓட்டோ ஓடுகிற கொலின்ஸ் முன்னுக்கு நின்றான்.

"அப்பாவும் உங்கைதானோ மச்சான்?"

"ஓம். ஆனா ஒராள் போனது காணும் கொலின்ஸ். இடம் வந்திட்டுது."

"காணுமெண்டு நீ சொல்லாதை. நெருக்குப்பட்டுக்கொண்டோ அவ கிடக்கிறது? காலை நீட்டிக் கிடக்கட்டும். இறக்கு."

ஒவ்வொரு போனாக வாங்கி, ஒவ்வொருவரையும் அவரவருடைய கணக்கில் சேர்த்து, வெளிநாட்டுச் சொந்தங்களுக்குத் திரும்பவும் பகிர்ந்து, பிறகு அம்மாவிடமிருந்து எடுத்தான். போனில் இடமில்லாத ஒரு மாமி தன்னுடைய பூனைப் படங்களை அங்கேயே நின்று அழித்தாள். தகப்பனுக்கு இடம் பிடிக்கத் தம்பியுடைய போனைப் பறித்த ஒருவனுக்கும் தம்பிக்கும் சின்ன வாய்த்தர்க்கம் நடந்தது. போகும்போது ஒவ்வொருவரும் பெட்டிக்குப் பக்கத்தில் போய், யோசப்பினின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டு, குனிந்து ஏதோ சொன்னார்கள். என்ன சொன்னார்கள் என்று அவனுக்குக் கேட்கவில்லை. நன்றி என்று செத்தவீட்டில் சொல்லுகிற வழக்கம் ஊரில் இல்லை.

பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில் ஒன்பது பேர் போய்விட்டார்கள். கடைசியாக வந்தவள் றொசாந்தினி. போனை நீட்டவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணை, எல்லாரும் எடுத்திட்டினமோ?"

"நீங்கள் எடுக்கத் தேவையில்லை தங்கச்சி. தாராளமா இடம் கிடக்கு."

"அதுக்கில்லை." அவள் பெட்டி இருந்த பக்கம் பார்த்தாள். "என்ரை பிள்ளை அவவோடையே இருக்கட்டுமோ? தனிய ஒரு இடத்திலை போட எனக்கு மனமில்லை."

"இருக்கட்டும்" என்றான் ஜெறோம்.

பெட்டி மூடுவதற்கு முன் அவன் கமராவைக் கிட்டக் கொண்டுபோனான். எத்தனையோ முகங்களை இப்படி எடுத்தவன். வெளிச்சம் சரியா, முகம் தெளிவா என்று பார்த்தான். அம்மாவின் வலது புருவத்தில் யாரோ சிலுவை போட்டபோது பட்ட பவுடர் கொஞ்சம் இருந்தது. துடைக்கலாமென்று கை போனது. பிறகு, இருக்கட்டும், ஜெசிதாவும் பார்க்கட்டும் என்று விட்டுவிட்டான். பாண்ட் வாசித்தது. கோயிலில் பூசை. பிறகு சேமக்காலையில் அடக்கம். மண் விழுகிற சத்தத்தையும் எடுத்தான். பந்தலில் மக்டலீன் அன்ரி ஆட்களுக்குப் பாணும் பிளேன்ரீயும் கொடுத்துக்கொண்டு திரிந்ததும் அதில் இருந்தது. அதை வெட்டி எடுக்க அவனுக்கு மனம் வரவில்லை.

ஐந்தரைக்கு ஏற்றத் தொடங்கினான். அம்மாவின் கணக்கில் ஒரு குழந்தை, ஒரு அடைக்கலநாதன், மிச்சமெல்லாம் வெளி. போன் ஒரு முறைப்பாடும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு 'வீடு' என்ற ஃபோல்டருக்குள் யோசப்பின் வந்து சேர்ந்தாள். மேசையில் அம்மாவின் படத்துக்கு முன்னால் எரிந்த மெழுகுதிரிக்குப் பக்கத்தில் போனைச் சார்ஜில் போட்டுவிட்டு, உடுப்பும் மாற்றாமல் நிலத்தில் படுத்தவன், அப்படியே நித்திரையாகிவிட்டான்.

விடிய எழும்பியபோது மெழுகுதிரி முடிந்திருந்தது. போனைத் திறந்தான். 'வீடு' ஃபோல்டரில் இரவு வந்த ஒரு புதுப் படம் இருந்தது.

அதே தட்டு. சோறில்லை, கோழியில்லை. அந்தக் குவைத் வீட்டில் வாங்காத பாணை எங்கே தேடிப் பிடித்தாளோ, இரண்டு துண்டு. பக்கத்தில் ஒரு பிளேன்ரீ. ஒரு துண்டின் ஓரம் கடிபட்டிருந்தது.