பத்து சென்டிமீட்டர் கீழே

முதன்முதலாக மாமனார் வீட்டுக்குப் போனபோது, நீட்டிய காப்பியை வாங்காமல் நேராகச் சுவருக்குப் போய், ஒரு பக்கம் சாய்ந்திருந்த மாமனாரின் புகைப்படத்தை நிமிர்த்திவிட்டுத்தான் உட்கார்ந்தான். பக்கத்தில் உயிரோடு நின்றிருந்த மாமனாரும் தன்னையறியாமல் கொஞ்சம் நிமிர்ந்துகொண்டார். அன்றைக்கே மச்சான் அவனுக்கு ரசமட்டம் என்று பெயர் வைத்துவிட்டார். கொத்தனார் சுவரில் வைத்துப் பார்க்கிற, நடுவில் குமிழி ஓடுகிற கட்டை. பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு நகர அருங்காட்சியகத்தில் படம் மாட்டும் வேலை கிடைத்தபோது, பெயர்தான் வேலை வாங்கிக் கொடுத்தது என்று மச்சான் அதற்கும் உரிமை கொண்டாடினார்.

வேலை கிடைத்ததே தவிர நிரந்தரமாகவில்லை. அங்கே கழுத்தில் மஞ்சள் அட்டை தொங்கினால் தற்காலிகம், நீல அட்டை தொங்கினால் நிரந்தரம். வார விடுமுறையான திங்கட்கிழமை மஞ்சள் அட்டைக்காரரை வாசல் காவலர் உள்ளே விடமாட்டார். நீல அட்டைக்காரர் அன்றைக்கும் வரலாம். விடுமுறை நாளில் வேலைக்கு வரும் பாக்கியத்துக்காக ஒரு மனிதன் எட்டு மாதம் ஏங்கினான் என்றால், அது ரசமட்டம்தான்.

இப்போது புதிய ஓவியக் கண்காட்சி. நான்கு அறை, எண்பத்தாறு படம், அத்தனையும் அவன் தனியாளாக மாட்டியது. "திறப்பு நாளன்னிக்கு ஒரு தடவை நடந்து பாத்துட்டு உங்க விஷயத்தைச் சொல்றேன்" என்று மேடம் சொல்லியிருந்தார். மேடம் கண்காட்சிப் பிரிவின் தலைவி. அரை சென்டிமீட்டர் சாய்வை இருபதடி தூரத்திலிருந்து பிடித்துவிடுகிற கண் அவருக்கு. அந்தக் கண்ணால் இரண்டு பேருக்கு வேலை போயிருக்கிறது, ஒருவருக்குத் திருமணம் நின்றிருக்கிறது என்று உணவறையில் பேசிக்கொள்வார்கள். இரண்டாவதற்கு ஆதாரம் இல்லை.

சனிக்கிழமை காலை வாசல் திறக்கும் முன்பே வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்திருந்தது. ரசமட்டம் தன் மனைவியையும் மச்சானையும் கூட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். மனைவி தையல் கடையில் வேலை செய்கிறவள். ஒரு வாரமாக வாடிக்கையாளர் எல்லோரிடமும் "எங்க வீட்டுக்காரர் கண்காட்சி" என்று சொல்லி, ஓவியரின் பெயரையே ஊரில் மறக்கடித்துவிட்டாள். மச்சான், அவளுடைய அண்ணன், ஓட்டுநர் பள்ளியில் வண்டி சொல்லிக்கொடுப்பவர். இருபது வருடமாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக் மிதித்ததில், நடக்கும்போதும் யாராவது குறுக்கே வந்தால் வலது கால் தானாகத் தரையை அழுத்தும். நகரத்தில் எந்தக் கண்காட்சி திறந்தாலும் முதல் ஆளாக நிற்பார். எந்த அருங்காட்சியகத்தில் க்ரீம் பிஸ்கட், எதில் வெறும் பிஸ்கட் என்பது அவருக்கு மனப்பாடம்.

"மாப்ள, இன்னிக்கு உங்க ஆணியைத்தான் பாக்கப் போறேன். படத்தை நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஆணி தெரிஞ்சா என் வேலை போயிடும் மச்சான்."

கதவு திறந்தது. கூட்டம் அப்படியே உள்ளே வழிந்தது. குழந்தைகள் ஓட, காவலர்கள் "ஓடாதீங்க" என்று ஓடினார்கள். நாற்பது வருடம் ஒரே கட்டிடத்தில் குடியிருந்து, அந்தக் கட்டிடத்து மனிதர்களை மட்டுமே வரைந்த ஒரு பெண்மணியின் ஓவியங்கள் அவை. ஜன்னலில் கண்ணாடி மாட்டி முகம் மழிக்கிறவர், மாடிப்படியில் உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டிக்கொள்ளும் தபால்காரர். முதல் அறையிலிருந்தே சனங்கள் சொந்தக்காரரைக் கண்டது போல் "இங்க வா, இவரைப் பாரு" என்று ஒருவரை ஒருவர் இழுத்தார்கள். ரசமட்டத்துக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் இருக்கிற திருகாணி அவனுக்குத் தெரியும். இன்றுதான் முன்பக்கத்தையும் நின்று பார்த்தான்.

மனைவி நான்கு அடி ஒன்பது அங்குலம். மூன்று அறைகளிலும் எக்கி எக்கி நடந்தாள். நான்காவது அறையில் காணாமல் போனாள்.

தேடிப் போனபோது ஒரு சின்னப் படத்தின் முன்னால் அசையாமல் நின்றிருந்தாள். படத்தில் ஒரு தையற்காரி, யாருடைய சட்டைக் கையையோ அளவெடுத்துக்கொண்டிருந்தாள்.

"இங்க பாருங்க. வாயில குண்டூசி வச்சிருக்கா. எண்ணுங்க."

"நாலு."

"நானும் நாலுதான் வைப்பேன். அஞ்சு வச்சா பேச வராது. இது வரைஞ்சவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" அவள் இன்னும் ஒரு அடி நெருங்கினாள். "என் கண்ணுக்கு நேரா இருக்கா. என்னையே பாக்கறா."

கண்ணுக்கு நேரா என்ற வார்த்தைதான் ரசமட்டத்துக்கு உறுத்தியது. இவள் கண்ணுக்கு நேராக இந்த அருங்காட்சியகத்தில் எதுவுமே இருக்கக்கூடாது. விதி அப்படி: படத்தின் நடு, தரையிலிருந்து நூற்றைம்பது சென்டிமீட்டர். அவன் சுவரோரம் நின்றால் அது அவன் தாடைக்கு வரும். எட்டு மாதமாகத் தாடைதான் அவனுடைய சோதனைக் கருவி. மெல்லப் படத்தின் பக்கத்தில் போய் நின்றான். நடு, சட்டையின் முதல் பொத்தானுக்கு வந்தது.

அடுத்த படம். பொத்தான். அதற்கடுத்தது. பொத்தான். அறையின் இருபத்திரண்டு படமும் பொத்தான்.

காரணம் சட்டைப்பையிலேயே இருந்தது. அவனுடைய அளவு டேப்பின் முதல் பத்து சென்டிமீட்டரைச் சரக்கு லிஃப்டின் கதவு இரண்டு மாதம் முன்பு கடித்துத் தின்றுவிட்டது. புது டேப் கேட்டு எழுதிய விண்ணப்பம் மூன்றாவது மேசையை எட்டியிருந்தது. அதுவரை பத்தைக் கூட்டிக்கொண்டு, நூற்றறுபதில் கோடு போட்டு ஓட்டினான். மூன்று அறை ஒழுங்காக முடிந்தது. நான்காவது அறையில் முதல் கோடு போடும் நேரத்தில் மனைவி போன் செய்தாள். "திறப்புக்கு நீலம் போடவா, பச்சை போடவா?" "நூத்தம்பது" என்றான் ரசமட்டம். அவள் கோபித்துக்கொண்டு வைத்துவிட்டாள். அவன் நூற்றைம்பதிலேயே கோடு போட்டான். மீதிக்கெல்லாம் சிவப்பு ஒளிக்கோடு அடிக்கும் கருவி இருக்கிறதே. முதல் கோட்டைப் பிடித்துக்கொண்டு அறை முழுவதும் தவறாமல் தவறியது.

எட்டிப் பார்த்தான். மேடம் இரண்டாவது அறையில், ஒரு பத்திரிகைக்காரரோடு வந்துகொண்டிருந்தார்.

"மச்சான், போச்சு." மூன்று வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னான். "கூட்டத்தைப் படத்துக்கு முன்னாடியே நிறுத்துங்க. மேடம் கண்ணுல சுவர் படக்கூடாது."

மச்சான் பிஸ்கட்டை முழுங்கினார். "மாப்ள, மறைச்சா தப்பு. அறிவிச்சா அது கொள்கை. கொஞ்சம் ஒதுங்குங்க."

அறை நடுவில் போய் நின்று, இருபது வருடமாகக் கற்றுக்குட்டிகளை அடக்கிய குரலை எடுத்தார்.

"எல்லாரும் இங்க கவனிங்க. மத்த ரூம்ல படம் எங்க இருந்துச்சு? மேல. இங்க? கீழ. ஏன்? வளைவு வந்தா ஸ்பீடைக் குறைக்கணும். மூணு ரூம் நேர் ரோடு மாதிரி வேகமா வந்துட்டீங்க. இங்க குனிய வச்சு, மெதுவாக்கறாங்க. கண்ணாடியைப் பாருங்க, சிக்னல் போடுங்க, அப்புறம் அடுத்த படத்துக்குப் போங்க."

சனங்கள் தலையாட்டினார்கள். ஒரு பெரியவர் உண்மையாகவே தோளுக்குப் பின்னால் பார்த்துவிட்டு அடுத்த படத்துக்கு நகர்ந்தார். கூட்டம் சேர்ந்தது, மச்சானுக்குச் சூடு ஏறியது, தாழ்வு என்பது ஒரு தத்துவம் என்கிற அளவுக்குப் போய்விட்டார். அந்த நேரம் பத்திரிகைக்காரர் உள்ளே வந்தார். வந்தவர் நின்றார், கேட்டார், குறிப்பேட்டைத் திறந்தார்.

"அற்புதமான யோசனை மேடம்" என்றார் திரும்பி. "திட்டமிட்ட தாழ்வு. இதை எப்ப முடிவு பண்ணீங்க?"

மேடம் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார். அந்தப் பார்வை முடிவதற்குள் ரசமட்டம் தன் வாழ்க்கையில் செய்த மற்ற தவறுகளையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு வந்தான்.

பிறகு மேடம், பக்கத்தில் குண்டூசிக்காரியை விட்டு நகராமல் நின்றிருந்த குள்ளமான பெண்ணிடம் கேட்டார். அவள் யாருடைய மனைவி என்று அவருக்குத் தெரியாது.

"இந்த ரூம்ல எவ்வளவு நேரமா இருக்கீங்க?"

"அரை மணி இருக்கும்."

"மத்த ரூமெல்லாம்?"

"அங்க ஜனங்களோட முதுகைத்தான் பாத்தேன். நல்லாத்தான் தைச்சிருந்தாங்க."

மேடம் ரசமட்டத்தைக் கண்டுபிடித்தார். அவன் ஒரு தூணுக்குப் பின்னால், தூணைவிட நேராக நின்றிருந்தான்.

"திட்டமாப்பா இது?"

கூட்டத்துக்கு மேலாக மச்சான் கண்ணைச் சிமிட்டினார். ஆமாம் என்று ஒரு தலையாட்டல். அது போதும், நீல அட்டை கைக்கு வந்துவிடும், நாளைக்குப் பத்திரிகையிலும் வரும். ரசமட்டம் வாயைத் திறந்தான். அவனுக்குள்ளே குமிழி ஒரு கோடிக்கு ஓடிப்போய் அங்கேயே நின்றுகொண்டது. சாய்ந்த எதையும் அப்படியே விட்டுவிட்டு வர அவனுக்கு எப்போதும் தெரிந்ததில்லை.

"இல்ல மேடம். டேப்பு." சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினான். "முதல் பத்து இல்ல. கூட்ட மறந்துட்டேன்."

மச்சானின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பயனில்லை, வண்டி போய்விட்டது.

மேடம் டேப்பை வாங்கி, கடிபட்ட முனையை வெளிச்சத்தில் பார்த்தார். "இதை வச்சா எண்பத்தாறு படமும் மாட்டினீங்க?"

"ஆமா மேடம்."

"இருபத்திரண்டும் ஒரே கோட்டுல இருக்கே."

"லெவல்ல தப்பு வராது மேடம். கீழ இருக்கு, ஆனா லெவலா இருக்கு."

பத்திரிகைக்காரர் அதையும் எழுதிக்கொண்டார்.

மேடம் டேப்பைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். "திங்கட்கிழமை காலைல வாங்க. மத்த மூணு ரூமையும் ஆறு சென்டிமீட்டர் இறக்கணும். இதை நாலு ஏத்தணும்."

"ஏன் ஆறு மேடம்?"

"பத்து உங்க தப்பு. ஆறு என் முடிவு."

அவர் திரும்பி நான்கு எட்டு வைத்த பிறகுதான் ரசமட்டத்துக்கு ஞாபகம் வந்தது. பின்னாலேயே ஓடினான்.

"மேடம், மஞ்ச அட்டையோட திங்கட்கிழமை உள்ள விடமாட்டாங்களே."

"தெரியும்" என்றார் மேடம், நடந்துகொண்டே.

ரசமட்டம் நின்ற இடத்தில் நின்றான். மச்சான் வந்து தோளைப் பிடித்து உலுக்கினார். "என்ன மாப்ள சொல்லிட்டுப் போறாங்க? வரச் சொல்றாங்க, வாசல்ல விடமாட்டாங்கன்னும் தெரியுங்கறாங்க. என்ன அர்த்தம் இதுக்கு?"

ரசமட்டம் கழுத்திலிருந்த மஞ்சள் அட்டையைத் தூக்கிக் காட்டினான். பிறகு அதைச் சட்டைக்குள்ளே போட்டு மறைத்தான். அப்போதும் மச்சானுக்குப் புரியவில்லை. மனைவிக்குப் புரிந்துவிட்டது, "நீல அட்டை!" என்று அவன் கையை வலிக்கும்படி கிள்ளினாள்.

"அப்ப நாளைக்கும் வரணும்" என்றாள்.

"நாளைக்கு எதுக்கு?"

"திங்கட்கிழமை இவளை நாலு சென்டிமீட்டர் தூக்கப் போறீங்கல்ல. அதுக்குள்ள இன்னொரு தடவை நேருக்கு நேரா பாத்துக்கறேன்."

மச்சான் மூன்று பேருக்குமாக ஞாயிற்றுக்கிழமைத் திட்டத்தைப் போட்டார். திறக்க ஒரு மணி நேரம் முன்பே வரிசையில் நிற்பது, இரண்டாவது நாள் என்பதால் பிஸ்கட்டை எதிர்பார்க்காமல் வருவது. ரசமட்டத்துக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அவன் ஏற்கெனவே சுவரைப் பார்த்து, அறுபத்து நான்கு படத்தையும் மனதுக்குள் இறக்க ஆரம்பித்திருந்தான்.