கழுவிய கையின் படம்

காண்ட்ராக்டர் சதீஷுக்கு மாரித்தாய் தர வேண்டிய பாக்கி இரண்டாயிரத்து நானூறு ரூபாய். கைநீட்டி வாங்கிச் செலவழித்த காசு அல்ல. வேலைக்குச் சேர்ந்த அன்றே அவர் அவள் கையில் திணித்த செல்போனின் விலையில் மிச்சம். போன் இல்லாதவளுக்கு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை இல்லை. மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்.

மூணாற்றில் இன்னும் பனி விலகவில்லை. பிரசவ அறைத் தரையில் உறைந்து கிடந்த ரத்தத்தை மாரித்தாய் குத்துக்காலிட்டுச் சுரண்டினாள். ஐஸ் தண்ணீரில் விரல்கள் மரத்துப்போயின. பினாயில் நெடி தொண்டையை அறுத்தது. தரை வெளுத்ததும் போனை எடுத்து ஒரு படம். அடுத்தது கக்கூஸ். யாரோ வாந்தியெடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றாமல் போயிருந்தார்கள். கழுவிவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு படம். சீழ்த் துணிகளை மூட்டை கட்டி ஒரு படம். போனில் படம் ஏறாத வேலை, செய்யாத வேலை. அன்றைய கூலி போயிற்று.

சதீஷ் போட்ட வரிசையில் கடைசியாக வருவது பச்சைக் குழந்தைகளின் அறை. வாசலில் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிய கையையும் படம் எடுத்தாக வேண்டும். கக்கூஸுக்குள் போய்வந்த அதே போனைக் கழுவிய கையால் எடுத்தாள். உறையின் ஓரத்தில் எண்ணெயும் அழுக்கும் காதுக் குறும்பி போல இறுகிக் கிடந்தன. தினமும் சதீஷ் எல்லாருடைய போனையும் வாங்கி, புரோட்டா தின்ற விரலால், பல் குத்திய விரலால், படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். போனை இரண்டு விரல் நுனியில் பிடித்துப் படம் எடுத்தாள்.

உள்ளே கண்ணாடிப் பெட்டியில் ஆர்த்தியின் பெண் குழந்தை. எட்டாம் மாதமே பிறந்தது. நெஞ்சு உள்ளங்கை அகலம்கூட இல்லை. ஆர்த்தி எஸ்டேட்டில் கொழுந்து எடுப்பவள், மாரித்தாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரி. குழந்தைக்குக் காய்ச்சல். ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாரித்தாய் வெளியே வந்தபோது சதீஷ் துப்புரவுப் பெண்கள் ஐந்து பேரையும் வாசலில் நிறுத்தினார். அவருடையது எல்லையோரச் சித்தூர்ப் பக்கத்துப் பேச்சு.

"கிருமி யாரு கையில இருந்து வந்துச்சுன்னு ஆபீஸ்ல கேக்கறாங்க. இந்த ரூமு மாரித்தாயிது. இன்னைக்கோட நீ நின்னுக்கம்மா."

"நான் கை கழுவுனதுக்கு நீங்க பாக்குற போன்லயே படம் இருக்கே சார்."

"கழுவுனதுக்குத்தான் படமிருக்குது. அதுக்கப்பறம் என்னத்தத் தொட்டியோ."

"நீங்க குடுத்த போனைத்தான் சார்."

பின்னால் நின்ற வனிதா களுக்கென்று சிரித்து வாயைப் பொத்தினாள். பொத்திய கையைப் பார்த்தாள். சட்டென்று எடுத்துச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

குழந்தைகள் அறையிலிருந்து வந்த மலையாளி நர்ஸ் ரிஞ்சு மருந்து நனைத்த பஞ்சால் மாரித்தாயின் போனை ஒரு இழுப்பு இழுத்தாள். பஞ்சு கரியாக வந்தது. தன் பையிலிருந்த போனையும் துடைத்தாள். அதுவும் கரிதான். "அய்யே. என்டெ போனும் இதே கதிதான் சேச்சி. நானும் இதைப் பிடிச்ச கையாலதான் குழந்தையைத் தொட்டேன்."

"அப்ப நீங்களும் தொடச்சுக்கறதுதான?" என்றார் சதீஷ், துப்புரவுப் பெண்கள் பக்கம் திரும்பி.

"எதை வச்சு சார்? எங்களுக்கு நீங்க குடுக்கிற கை மருந்துல பாதி தண்ணி. மிச்சமும் தண்ணிதானோ என்னவோ," என்றாள் வனிதா.

மாரித்தாய் நிமிர்ந்தாள். "இனிமே இந்த ரூமுக்குள்ள போன் போவாது. படம் வேணும்னா நீங்க வந்து எடுங்க. கை கழுவிட்டு வாங்க."

"படம் இல்லீன்னா கூலி இல்ல. அஞ்சு பேத்துக்கும்."

"ஒருத்திய நிறுத்துறேன்னப்ப பயந்துட்டுதான் சார் நின்னோம்," என்றாள் வனிதா. "இப்ப அஞ்சு பேரையும் நீங்களே சேத்துட்டீங்க." தன் போனைப் பெஞ்சில் வைத்தாள். மற்றவர்களும் வைத்தார்கள். பாலூட்ட வந்த ஆர்த்தி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றாள். குழந்தையின் ஒரே படம் இருந்த தன் போனை அவளும் பெஞ்சின் ஓரமாக வைத்தாள்.

கடைசியாக மாரித்தாய் தன் போனையும் வைத்தாள். "ரெண்டாயிரத்து நானூறு பாக்கி. இந்தாங்க ஒங்க போனு. கணக்கு தீந்துபோச்சு."

வாங்கிக்கொள்ள சதீஷின் கை நீண்டது. கரிப் பஞ்சைப் பார்த்தார். கை பின்வாங்கிக்கொண்டது.

போன் பெஞ்சிலேயே கிடந்தது.

குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை. நாளைக்கு வேலை உண்டா என்பது ஒருத்திக்கும் தெரியாது. மற்ற நான்கு பேரும் சதீஷை மறித்து வாசலில் நின்றார்கள். ரிஞ்சு அவர்கள் பக்கமாக வந்து நின்றாள். மாரித்தாயும் ஆர்த்தியும் ஒரே குழாயடியில் முழங்கை வரை தேய்த்துக் கழுவினார்கள். ஈரக் கைகளைத் தூக்கிப் பிடித்தபடி, எதையும் தொடாமல், தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்கள்.