போகாத முதல் ஷீட்

முத்துராஜாவுக்குக் கோபம் வந்தால் திட்டு வாங்குவது ஏதாவது ஒரு சாமானாகத்தான் இருக்கும். மனிதர்களைத் திட்ட அவருக்கு மனசு வராது. கம்பம் மார்க்கெட் தெருவில் பதினெட்டு வருஷமாக ஸ்டுடியோ நடத்துகிறவர், கேமரா ஸ்டாண்டைத் திட்டியிருக்கிறார், ஃபிளாஷைத் திட்டியிருக்கிறார், ஒரு தடவை படத்தில் குறுக்கே வந்ததற்காகக் கல்யாண மண்டபத்துத் தூணையே திட்டியிருக்கிறார். 2009-இல் அந்த வியாழக்கிழமை காலையில் அவரிடம் மாட்டியது இன்டர்நெட் மோடம்.

"முப்பது ஷீட்ல இருபத்தொம்பது நேத்தே போயிருச்சு. இந்த ஒண்ண மட்டும் அனுப்ப உனக்கு என்ன கேடு?"

ஷீட் என்றால் ஆல்பத்தின் ஒரு பக்கம். ஸ்டுடியோவில் கம்ப்யூட்டரில் வடிவமைத்து மதுரை லேபுக்கு அனுப்பினால், அங்கே பிரிண்ட் போட்டு, அட்டை கட்டி, ஆல்பமாகத் தருவார்கள். முன்பெல்லாம் படங்களை சி.டி.யில் ஏற்றி பஸ் கண்டக்டர் கையில் கொடுத்தனுப்புவது வழக்கம். மூன்று மாதமாக அந்தத் தொல்லை விட்டது. உத்தமபாளையத்தில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் ஷாஜியா, ஸ்டுடியோக்காரர்களுக்கென்றே ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தாள். ஃபோல்டரைக் காட்டிப் பச்சைப் பட்டனை அமுக்கினால், அது ஒவ்வொரு படமாக லேபின் வெப்சைட்டுக்கு அனுப்பும். மெயிலில் போகாத பெரிய படமும் அதில் போகும். லைன் அறுந்தால் காத்திருந்து மறுபடி அனுப்பும். இந்தப் பக்கத்தில் ஐந்து ஸ்டுடியோக்கள் அதை நம்பிப் பிழைப்பு நடத்தின. முத்துராஜா அதைப் புகழ்ந்த புகழ்ச்சியில், எழுதியது ஷாஜியாவா இவரா என்று சிலருக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

அன்றைக்கு அந்தப் புகழ்ச்சிக்குச் சோதனை. போகாமல் நின்றது மிஸ்பா, ஆசாத் கல்யாண ஆல்பத்தின் முதல் ஷீட். பெண்ணின் அத்தா, அதாவது அப்பா, இப்ராஹிம் பாய் வளைகுடாவில், தம்மாமில் ஒரு கம்பெனியில் ஏ.சி. மெக்கானிக். கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது கம்பெனி லீவு இல்லை என்று கைவிரித்துவிட்டது. அவருடைய அண்ணன், மிஸ்பாவின் பெரியத்தா, முன்னால் நின்று நிக்காஹை நடத்தினார். இப்ராஹிம் பாய் அங்கேயிருந்து செல்ஃபோனில் கேட்டார், அதுவும் நடுவில் இரண்டு தடவை அறுந்து போனது. மருமகன் ஆசாத்துக்கும் தம்மாமில்தான் வேலை. அவன் நாளைக் காலை விமானம் ஏறுகிறான். இன்று சாயங்காலம் மதுரைக்குப் போய், லேபிலேயே ஆல்பத்தை வாங்கிக்கொண்டு, மாமனார் கையில் நேரில் கொடுக்க வேண்டும். இதுதான் மிஸ்பாவின் ஒரே ஆசை.

லேப் முதலாளி தங்கபாண்டி கெடு சொல்லிவிட்டார். மதியம் ஒரு மணிக்குள் படம் வந்தால்தான் ஆல்பம் ஆறு மணிக்கு முடியும். சி.டி. கொடுத்து அனுப்பலாம் என்றால் அன்று சாயங்காலம் வரை ஊர் முழுக்கக் கடையடைப்பு. எதற்கு என்று கேட்டால் கடையை அடைத்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது, ஆனால் பஸ் மட்டும் ஓடவில்லை. பைக்கில் போய்ப் பார்த்த ஆசாத்தும் சின்னமனூரில் மறித்துத் திருப்பி அனுப்பப்பட்டு வந்துவிட்டான். போதாக்குறைக்குப் பன்னிரண்டு மணியிலிருந்து இரண்டு வரை கரண்ட் கட். அது அந்த வருஷத்து அன்றாடப் படி.

முத்துராஜா என்னென்னவோ செய்து பார்த்தார். படத்துக்குப் பெயரை மாற்றினார், கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் மதுரையிலிருந்து அதே பதில்தான்.

"அண்ணாச்சி, இருபத்தெட்டு எம்பி அனுப்புறேங்கிறீக. இங்கன நாலு கேபிதான் வருது. தொறக்கவே மாட்டேங்குது" என்றார் தங்கபாண்டி.

ஸ்டுடியோவில் ஆல்பம் வடிவமைக்கும் ஜெபஷீலா மெதுவாக வாயைத் திறந்தாள். "அண்ணே, ஒண்ணு சொன்னா வைய மாட்டீகளே? எங்க சித்தி மக கல்யாண ஆல்பம் போச்சு. ராஜமணி சார் வீட்டு ஆல்பமும் போச்சு. பாய் வீட்டு ஆல்பம்னா மட்டும் முதல் ஷீட்டு நிக்கிது. போன மாசமும் ரெண்டு அப்படித்தான். நீங்கதான் லைன் சரியில்லன்னு சி.டி.ல அனுப்புனீக."

முத்துராஜா பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "ஏம்மா, மெல்லப் பேசு! வெளிய யாராச்சும் கேட்டா, முத்துராஜா கடை மிசினுக்கு பாய்மாருன்னா ஆகாதாம்னு கெளப்பி விட்ருவாக. அதுக்கு வேற ஒரு நாள் கடையடைப்பு வைப்பாக."

உட்கார்ந்திருந்த ஆசாத் சிரித்துவிட்டான். ஆனாலும் கண் கடிகாரத்திலேயே இருந்தது.

பத்தே முக்காலுக்கு ஷாஜியா வந்தாள். மெயின் ரோட்டை விட்டு, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மண் பாதையில் ஸ்கூட்டி ஓட்டி வந்ததில் கறுப்பு பர்தாவின் ஓரமெல்லாம் செம்மண். வந்தவள் மோடத்தைப் பார்க்கவில்லை, வயரை ஆட்டிப் பார்க்கவில்லை. நேராக உட்கார்ந்து, மதுரைக்குப் போய்ச் சேர்ந்த அந்த நாலு கேபி துண்டை இறக்கினாள். பக்கத்திலேயே அசல் படத்தைத் திறந்தாள். படமாக அல்ல, உள்ளே இருப்பதை எண்ணும் எழுத்துமாகக் காட்டும் வேறு ஒரு ஜன்னலில். திரை முழுக்கப் புரியாத குறிகள். முத்துராஜாவுக்குத் தலை சுற்றியது. அவளோ கடிதம் படிப்பவளைப் போல விரல் வைத்து வரி வரியாகப் போனாள்.

"அண்ணே, வந்த துண்டு எங்கன முடியுதுன்னு பாத்தாச்சு. அசல்ல அதுக்கு அடுத்து என்ன இருக்குன்னு பாத்தா போதும்" என்றாள்.

விரல் ஒரு இடத்தில் நின்றது. அப்படியே நின்றது. அவள் முகத்தில் இருந்த நிதானம் போய் ஒரு வெளிறல் வந்ததை முத்துராஜா பார்த்தார். அங்கே இருந்தது மூன்றே இலக்கம்: 786.

இந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகை ஆகட்டும், கடை பில் ஆகட்டும், எதன் தலையிலும் அந்த எண் இருக்கும். இறைவன் பெயரால் தொடங்குகிறோம் என்பதற்கு அடையாளம். ஆல்பத்தின் முதல் ஷீட்டிலும் மேலே அதைப் போடாமல் ஜெபஷீலா வடிவமைக்க மாட்டாள். ஃபோட்டோஷாப்பில் தட்டுகிற எழுத்து படமாக மட்டும் இல்லாமல், கோப்பின் முன்பகுதியில் எழுத்தாகவும் பதிந்துகொள்ளும். அதனால் என்ன என்று முத்துராஜா விழித்தார்.

"தப்பு என் மேலண்ணே" என்றாள் ஷாஜியா.

சுற்றி வளைக்காமல் சொன்னாள். "ஒரு படத்த அனுப்பணும்னா அதுக்கு முன்னயும் பின்னயும் ஒரு அடையாளம் வைக்கணும். மதுரையில இருக்கிற புரோகிராம் அந்த அடையாளம் வர்ற வரைக்கும் வாங்கிக்கிட்டே இருக்கும். வந்துட்டா, படம் முடிஞ்சதுன்னு கதவச் சாத்திரும். என்ன அடையாளம் வைக்கிறதுன்றது நம்ம இஷ்டம். மொதமொதல்ல எழுதுற புரோகிராமாச்சே, நல்லபடியா நடக்கட்டும்னு நான் 786-ஐ வச்சுட்டேன். அது படத்துக்குள்ளயே வரும்னு எனக்குத் தோணவே இல்ல."

ஜெபஷீலாதான் முதலில் மூச்சு விட்டாள். "அப்ப மிசினுக்கு பாய்மாரு மேல கோவம் இல்ல."

முத்துராஜாவுக்கு உயிர் வந்தது. மணி பதினொன்று பத்து. "அட, இவ்வளவுதானா! தங்கச்சி, படத்துல அந்த நம்பர எடுத்துட்டு இப்பவே அனுப்பிருவோம். மதுரையில தங்கபாண்டியே அத படத்து மேல தட்டிப் போட்டுக்கிருவாரு. வேல முடிஞ்சுச்சு."

ஷாஜியா ஆசாத்தைப் பார்த்தாள். அவன் "உங்களுக்கு எது சரியோ செய்யுங்கக்கா" என்றான்.

"எடுத்தா இன்னைக்குப் போயிரும்ண்ணே. அடுத்த வாரம் வேற வீட்டுக்காரவுக வருவாக. அவுககிட்டயும் எடுங்கன்னு சொல்லுவீகளா? படத்துல அது இருக்க வேண்டிய எடத்துலதான் இருக்கு. வைக்கக் கூடாத எடத்துல வச்சது நான். நான்தான் எடுக்கணும்." பிறகு கடிகாரத்தைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். "பன்னெண்டுக்குப் பத்து நிமிசம் வரைக்கும் விடுங்க. அதுக்குள்ள முடியலன்னா நீங்க சொன்னபடி செஞ்சிருவோம். வீம்புக்காக மிஸ்பா ஆல்பத்த நிறுத்த மாட்டேன்."

அதற்கப்புறம் அவள் வேலை செய்ததை முத்துராஜா நின்றபடியே பார்த்தார். எத்தனையோ கல்யாணத்தில், நெரிசலில், தாலி கட்டும் நொடியில் கை நடுங்காமல் படம் எடுத்த மனிதர் அவர். பதற்றத்தில் நிதானமாக இருக்கும் கையைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். அவள் பேனாவையும் ஒரு துண்டுத் தாளையும் எடுத்து நாலு வரி எழுதினாள், ஒரு வரியை அடித்தாள், பிறகுதான் கீபோர்டில் கை வைத்தாள். படத்துக்குப் படம் மாறும்படி, தேதியும் நேரமும் கலந்த நீளமான ஒரு அடையாளத்தை புரோகிராமே உண்டாக்கிக்கொள்ளும்படி மாற்றினாள். அனுப்பும் முன் அது படத்துக்குள் எங்காவது இருக்கிறதா என்று தேடிப் பார்க்கவும், இருந்தால் வேறு ஒன்றைப் போட்டுக்கொள்ளவும் கற்றுக்கொடுத்தாள். அப்புறம் மதுரைப் பக்கத்தையும் இங்கிருந்தபடியே திருத்தினாள்.

"மத்த ஸ்டுடியோல பழைய புரோகிராம் இருக்குல்ல? அவுகளுக்கு நின்னுறாதா?" என்று ஜெபஷீலா கேட்டாள்.

"நிக்காது. பழைய அடையாளம் வந்தாலும் வாங்கிக்கிரும். நாளைக்கு ஒவ்வொரு கடையாப் போயி மாத்திக் குடுத்துட்டு, அப்புறம் பழசுக்குக் கதவச் சாத்திருவேன்."

முதலில் சின்னப் படம் ஒன்றில் 786 என்று எழுதி அனுப்பிப் பார்த்தாள். முழுசாகப் போனது. மணி பதினொன்று நாற்பத்தெட்டு. பச்சைப் பட்டனை அமுக்கும் வேலையை ஆசாத்திடம் கொடுத்தாள்.

இருபத்தெட்டு எம்பி போகக் கால் மணி நேரம் வேண்டும். கரண்ட் போகப் பன்னிரண்டு நிமிஷம் இருந்தது. இந்தக் கணக்கு அங்கே இருந்த நாலு பேருக்கும் தெரியும். திரையில் பச்சைக் கோடு ஊர்ந்தது. அறுபது. எழுபது. எழுபத்தெட்டில் கரண்ட் போனது. கடிகார முள் தவறினாலும் தவறும், மின்சார வாரியம் அந்த விஷயத்தில் தவறியதே இல்லை. யு.பி.எஸ். கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

"பாட்டரி அஞ்சு நிமிசம்கூடத் தாங்காது தங்கச்சி, ரொம்பப் பழசு" என்றார் முத்துராஜா.

ஷாஜியா எட்டி மானிட்டரை அணைத்தாள். "இதுதான்ண்ணே பாதிக்கு மேல கரண்டக் குடிக்கும். படம் போறதுக்கு நாம பாக்கணும்னு அவசியமில்ல. மோடம் யு.பி.எஸ்லதான இருக்கு?"

"நான்தான்க்கா மாத்திக் குடுத்தேன்" என்றாள் ஜெபஷீலா. முத்துராஜா அந்தப் பெண்ணுக்கும் மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டார்.

இனி பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. மோடத்தில் ஒரு சின்ன விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நாலு பேரும் அதையே பார்த்தார்கள். யு.பி.எஸ். விட்டு விட்டுக் கத்தியது, பிறகு விடாமல் கத்தியது. ஆசாத்தின் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. காலையில் அந்த மோடத்தை அப்படித் திட்டியிருக்க வேண்டாம் என்று முத்துராஜாவுக்கு நிஜமாகவே தோன்றியது. சட்டென்று எல்லா விளக்கும் அணைந்தது, சத்தமும் நின்றது.

போனதா, போகும் முன்னே செத்ததா? கேட்டுத் தெரிந்துகொள்ள முத்துராஜாவுக்குத் தைரியம் வரவில்லை. செல்ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதுவே அடித்தது.

"அண்ணாச்சி, வந்துருச்சு! முழுசா இருக்கு. தொறந்து பாத்துட்டேன். பொண்ணு மாப்பிள்ள பேரு, தேதி, எல்லாம் கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார் தங்கபாண்டி.

முத்துராஜா சுவரில் சாய்ந்துவிட்டார். ஆசாத் ஷாஜியாவிடம் நன்றி சொல்ல எழுந்து வந்தான். அவளோ அதற்குள் தன் ஃபோனை எடுத்து, மற்ற நாலு ஸ்டுடியோவுக்கும் வரிசையாகப் பேச ஆரம்பித்திருந்தாள். "சார், ஷாஜியா பேசுறேன். உங்க லைன் மேலயோ கம்ப்யூட்டர் மேலயோ தப்பு இல்ல. பாய் வீட்டு ஆல்பத்துல முதல் ஷீட்டு நின்னுருந்தா அதுக்குக் காரணம் நான் எழுதுனதுதான். நாளைக்கு வந்து சரி பண்ணித் தர்றேன்."

நாலு தடவையும் அதே வார்த்தை, அதே குரல். முத்துராஜாவின் பதினெட்டு வருஷத் தொழிலில் கேமரா விற்றவர்கள், லைன் கொடுத்தவர்கள், சர்வீஸுக்கு வந்தவர்கள் என்று எத்தனையோ கெட்டிக்காரர்கள் வந்து போயிருக்கிறார்கள். தப்பு என்னுடையது என்று ஒருவர் வாயிலிருந்தும் அவர் கேட்டதில்லை. கேட்காதவர்களிடமும் தானாகக் கூப்பிட்டுச் சொல்கிறாளே இந்தப் பெண் என்று நினைத்தபோது, புகழ்வதற்கே பிறந்த அந்த மனிதருக்குப் புகழ வார்த்தை கிடைக்கவில்லை. டீக்கடை எதுவும் திறந்திருக்காதே என்ற கவலைதான் வந்தது. வீட்டுக்கு ஃபோன் போட்டு நாலு டம்ளர் டீ கொண்டுவரச் சொன்னார்.

பத்து நாள் கழித்து, ஸ்டுடியோ ஃபோனுக்கு வெளிநாட்டு நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. அன்று புது யு.பி.எஸ். மாட்ட ஷாஜியாவும் அங்கே வந்திருந்தாள். முத்துராஜா ஸ்பீக்கரைப் போட்டார்.

"தம்பி, இப்ராஹிம் பேசுறேன், தம்மாம்லருந்து. ஆல்பம் வந்துருச்சுப்பா."

"நல்லா இருக்கா பாய்? படமெல்லாம் புடிச்சிருக்கா? அந்தப் பதினாறாவது ஷீட்டுல மிஸ்பா சிரிக்கிற படம் ஒண்ணு இருக்கே..."

"சொல்லாத தம்பி, சொல்லாத! நான் இன்னும் அங்கன வரல."

முத்துராஜாவுக்குப் புரியவில்லை. "ஆல்பம் வந்து ஒம்பது நாளாச்சே பாய்?"

"ஆமா. இன்னைக்கு ஒம்பதாவது ஷீட்டு. ரூம்ல ஏழு பேரு. வேல முடிஞ்சு வந்து, குளிச்சிட்டு, எல்லாரும் உக்காந்து ஒரு நாளைக்கு ஒரு ஷீட்டுதான் பாக்குறோம். சீக்கிரம் திருப்பினா கல்யாணம் முடிஞ்சு போயிரும்ல தம்பி. நான் இப்பத்தான வந்திருக்கேன்."