நாலாவது பீப்பாயின் வாசனை

புருஷன் கெரிட்டைப் புதைத்த நாளிலிருந்து நெல்வாவுக்கு மூக்கு செத்துப்போயிருந்தது. காப்பி வெந்நீராயிற்று, ரொட்டி பஞ்சாயிற்று. யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வாள்? மிச்சிகன் ஏரிக்கரையில் அவளும் அவனும் நடத்திவந்த அந்தச் சின்ன பியர் ஆலை ஓடியதே அவள் மூக்கை நம்பித்தான்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் அந்த மூக்குக்கு உயிர் வந்தது. கெரிட் கடைசியாகக் காய்ச்சிய ஸ்டவுட் என்னும் கறுத்த கெட்டி பியர், நாலு பழைய விஸ்கிப் பீப்பாய்களில் ஊறிக்கொண்டிருந்தது. நாலாவது பீப்பாயின் அடைப்புக்கட்டையைப் பிடுங்கிவிட்டுக் குனிந்தால் போதும். சாக்லேட், வெனிலா, மேப்பிள் பாகு, அடிப்பிடித்த சர்க்கரை. அதற்கும் அடியில், ஈரக் கம்பளிச் சட்டையோடு கெரிட். முதுகுக்குப் பின்னால் நிற்கிறான் என்றே தோன்றும். குளிர்காலம் முழுக்க, ஆட்கள் சாப்பிடப் போகும் நேரமெல்லாம் அவள் அங்கேயேதான் கிடந்தாள்.

மார்ச்சில் ருசி பார்க்கும் நாள் வந்தது. நாலு பீப்பாயையும் ஒன்றாகக் கலந்து, கெரிட்டின் பெயர் போட்டுப் புட்டியில் அடைப்பதாக ஏற்பாடு. ஊரே காத்திருந்தது. கெரிட்டின் தம்பி வெர்லின், ஒவ்வொரு பீப்பாயின் முகப்பிலும் ருசி பார்க்கவென்றே அறைந்திருந்த ஆணியைக் குறடால் உருவி, நூலாகப் பீச்சியதைக் கிளாஸில் பிடித்துவிட்டு, ஆணியைத் திரும்பச் செருகினான்.

முதல் மூன்றும் நெல்வாவுக்கு வெறும் ஈரம். வெர்லின் முகத்தைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டிவைத்தாள்.

"அடேயப்பா! சாக்லேட் கேக்கையே கரைச்சு ஊத்தினாப்ல இருக்கு," என்றான் அவன். "செத்தும் நம்மளக் கொழுக்க வைக்கிறான் பாரு."

நாலாவதை வாயில் வைத்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எல்லாம் இருந்தது. அவனும் இருந்தான்.

"இதுதான்டா! மத்த மூணும் இதுக்குக் கால்தூசி," என்றாள்.

வெர்லின் தூவென்று துப்பினான்.

"விளையாடாத நெல்வா. வினிகர் இது! சாலட்ல ஊத்தலாம்."

"வினிகரா?"

"மூக்கப் பொசுக்குதே. உள்ள காத்து போயிருக்கு. எவனோ ஒரு மடையன் கட்டையப் பிடுங்கிப் பிடுங்கிப் பாத்திருக்கான். அப்புறம் ஆணி எதுக்கு அடிச்சு வச்சிருக்கோம்? காத்துப் பட்டா புளிச்சிடும்னு நேத்து வேலைக்கு வந்தவனுக்குக்கூடத் தெரியுமே!"

நெல்வாவுக்கா தெரியாது? மோந்து மோந்தே அவனைக் கெடுத்திருக்கிறாள். அப்படியானால் இப்போது நாக்கில் தித்திப்பது எது? பிடரியில் ஈரக் கம்பளி வாசம் அடித்தது.

வெர்லின் இன்னொரு வாய் உறிஞ்சி முகத்தைச் சுளித்தான். பிறகு தன்மேலேயே சந்தேகம் வந்து அவளைப் பார்த்தான்.

"எனக்குத்தான் சளியோ என்னவோ. உன் மூக்குக்கு முன்னால என் மூக்கு எம்மாத்திரம்? நீயே சொல்லு. கலக்கலாம்னா இப்பவே குழாய மாட்டறேன். இல்லன்னா இன்னைக்கே கொட்டிடணும், வச்சிருந்தா பக்கத்துப் பீப்பாய்க்கும் தொத்திக்கும்."

சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கெரிட் புட்டி புட்டியாக அவளோடு இருப்பான். ஊருக்கோ அது ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம். கெரிட்டின் பெயரைச் சொல்லித்தான் காறித் துப்புவார்கள். கிளாஸில் மிச்சமிருந்ததை வாயில் விட்டுக்கொண்டாள். மனம் வராமல்தான் விழுங்கினாள். இரண்டாம் தடவை அவனைப் புதைக்கச் சொல்கிறார்களே!

"வினிகர்தான்," என்றாள். "எனக்கும் இப்பத்தான் அடிக்குது. கொட்டிடு."

வெர்லின் பீப்பாயை உருட்டிக்கொண்டுபோய் வடிகால்மேல் கவிழ்த்தான். புளிப்பு நெடி தாங்காமல் சட்டைக் கையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"தள்ளி வா நெல்வா, தலைவலி வந்துடும்."

அவள் வரவில்லை. வடிகால் ஓரத்தில் மண்டியிட்டு, சாக்லேட்டையும் வெனிலாவையும் கம்பளிச் சட்டையையும் மூச்சு முட்ட இழுத்துக்கொண்டிருந்தாள். கடைசிச் சொட்டு இறங்கியது. பிறகு அவளுக்கு ஒன்றுமே அடிக்கவில்லை. வெர்லின்தான் இன்னும் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றான்.